16 வயது மகன் பள்ளிக்கூடம் போகிறானில்லை: மாற்றுப் பள்ளிக்கு மாற்றலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

மகனுக்கு 16 வயது. 2023 செப்டம்பரில் கிரேட் 9 தொடங்கியவன். இப்போது கிரேட் 11 இன் இரண்டாவது செமஸ்டர் தொடங்கியிருக்கிறது, கையில் இருப்பது 10 கிரெடிட் (ஒரு பாடத்தில் சித்தியடைந்தால் ஒரு கிரெடிட்) மட்டும். கிரேட் 9 இல் பரவாயில்லாமல் படித்தவன், கிரேட் 10 இல் இருந்து சறுக்கத் தொடங்கினான். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுக்கிறான். பின்னேரம் ஆனதும் "உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை" என்று பள்ளியின் தானியங்கி அழைப்பு வருகிறது. நவம்பரில் கஞ்சா வேப் வைத்திருந்தான் என்று 5 நாள் இடைநிறுத்தினார்கள். போன கிழமை உப அதிபர் கூப்பிட்டு, "இவருக்கு ஆல்டர்னேட்டிவ் ஸ்கூல் பொருத்தமாக இருக்கும்" என்று சொல்லி ஒரு படிவத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "அது குழப்படிக்காரப் பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடம், அந்தச் சான்றிதழை ஒரு யூனிவர்சிட்டியும் மதிக்காது" என்கிறார் கணவர். காசு கட்டித் தனியார் பள்ளியில் கிரெடிட் எடுக்கலாம், இல்லாவிட்டால் இலங்கையில், ஊரில் அண்ணன் வீட்டில் விட்டுப் படிப்பிக்கலாம் என்பது அவர் யோசனை. மகனோ, "16 ஆகிவிட்டது, இனி நான் விடலாம். வேலைக்குப் போகிறேன், பிறகு ஜி.ஈ.டி. எழுதுகிறேன்" என்று, டிப்ளோமாவுக்கு ஈடாக எழுதும் சோதனையைச் சொல்கிறான். தாய் கேட்பவை: படிவத்தில் கையெழுத்து வைக்கலாமா? பள்ளி எங்களைக் கட்டாயப்படுத்த முடியுமா? இடைநிறுத்தம் அவன் எதிர்காலத்தைக் கெடுக்குமா? இனி அவன் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா முடிப்பானா?

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்தை இந்தக் கிழமை வைக்காதீர்கள். மாற்றுப் பள்ளி கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு அது நல்ல வழியாகக்கூட அமையலாம். ஆனால் அவன் ஏன் வகுப்புக்குள் போகவில்லை என்பது உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. உப அதிபர் சொன்னதாக நீங்கள் எழுதியதிலும் இல்லை. அது தெரியாமல் இடத்தை மட்டும் மாற்றினால், புதுப் பள்ளியில் முதல் மூன்று கிழமை ஒழுங்காகப் போவான், நாலாவது கிழமை அதே தானியங்கி அழைப்பு வேறு நம்பரில் இருந்து வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படிவம் என்ன படிவம் என்று பாருங்கள். மாற்றுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் படிவம் வேறு, இப்போதைய பள்ளியின் பதிவில் இருந்து விலகும் படிவம் வேறு. பெற்றோர் பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். புதுப் பள்ளி, "ஏற்றுக்கொள்கிறோம், இந்தத் திகதியில் தொடங்கலாம்" என்று எழுத்தில் தரும் வரைக்கும் விலகல் படிவத்தைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை ஆறு கிழமை வீட்டில் கிடந்தால், திரும்ப எழுப்பி அனுப்புவது இப்போதைய பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை.

16 வயதில் விடலாம் என்பது பழைய கதை

ஒன்ராறியோவில் 2006 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது வரை அல்லது டிப்ளோமா எடுக்கும் வரை பள்ளிக்குப் போவது கட்டாயம். பள்ளி நேரத்தில் அப்படியான ஒரு பிள்ளையை வேலைக்கு வைப்பவரும் கல்விச் சட்டப்படி குற்றவாளி. இதை மகனுக்கு மிரட்டலாகச் சொல்லாதீர்கள். 16 வயதுப் பிள்ளையைச் சட்டம் காட்டி வகுப்பில் இருத்திவிட முடியாது. ஆனால் "எனக்கு உரிமை இருக்கு" என்று அவன் நம்பிக்கொண்டிருப்பது தவறு என்பதாவது அவனுக்குத் தெரியட்டும்.

ஜி.ஈ.டி. பற்றிய பேச்சும் அப்படித்தான். கனடாவில் அந்தச் சோதனை 2024 இல் முடிந்துவிட்டது. அதன் இடத்தில் வந்திருப்பது சி.ஏ.ஈ.சி. எனப்படும் கனடிய வளர்ந்தோர் கல்விச் சான்று. வாசிப்பு, எழுத்து, கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி என்று ஐந்து சோதனைகள். பெயரே சொல்வதுபோல அது வளர்ந்தவர்களுக்கானது. 16 வயதில் பள்ளியை விட்டு நேரே போய் எழுத முடியாது. அதோடு, வகுப்பில் ஒரு பக்கம் எழுதக் கஷ்டப்படும் பிள்ளை தனியே இருந்து படித்து ஐந்து சோதனையையும் எழுதி முடிப்பான் என்பது நடைமுறையில் மிகக் குறைவு.

டிப்ளோமா ஒன்றுதான்

உங்கள் கணவரின் பயம் நியாயமான இடத்தில் இருந்து வருகிறது, ஆனால் தகவல் பிழை. கல்விச் சபை நடத்தும் மாற்றுப் பள்ளி அரசாங்கப் பள்ளிதான். அதே பாடத்திட்டம், அதே பாடக் குறியீடுகள், சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள், கட்டணம் இல்லை. முடிவில் கிடைப்பதும் அதே ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா. "மாற்று டிப்ளோமா" என்று தனியாக ஒன்று இல்லை.

ரொறன்ரோவில் இந்தப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சீட் என்ற பள்ளி 1968 இல் ஒரு கோடைகாலத் திட்டமாகத் தொடங்கியது. அதன் பிறகு வந்தவற்றில் சில கலைக்காக, சில சுயமாகப் படிக்க விரும்பும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக, சில பள்ளியில் இருந்து நழுவிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக. கத்தோலிக்கக் கல்விச் சபைக்கு மொன்சிஞோர் ஃபிரேசர் கொலிஜ் இருக்கிறது. டர்ஹம் பக்கம் போனால் டர்ஹம் மாற்று உயர்நிலைப் பள்ளி. ஆகவே "மாற்றுப் பள்ளி" என்று ஒரே சொல்லில் சொல்வதே தப்பாகப் புரியவைக்கிறது. உப அதிபர் எந்தப் பள்ளியை மனதில் வைத்துச் சொன்னார் என்று பெயர் கேளுங்கள்.

இடைநிறுத்தம் பற்றிய கவலையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்கும் கொலிஜுக்கும் போவது ட்ரான்ஸ்கிரிப்ட். அதில் பாடம், புள்ளி, கிரெடிட் இருக்கும்; இடைநிறுத்தம் இருக்காது. அது இருப்பது ஓ.எஸ்.ஆர். என்ற பள்ளிக் கோப்பில். அதைப் பள்ளிக்காரர் பார்க்கலாம், நீங்கள் பார்க்கலாம், உங்கள் மகன் பார்க்கலாம், பல்கலைக்கழகம் பார்ப்பதில்லை. நவம்பர் இடைநிறுத்தத்தை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் காலம் போய்விட்டது, இடைநிறுத்தம் தொடங்கி 10 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். இனி ஒருமுறை நடந்தால் (நடக்காமல் இருக்கட்டும்) இந்தக் கணக்கை மறக்காதீர்கள். 5 நாளுக்கு மேற்பட்ட இடைநிறுத்தம் என்றால், பள்ளிச் சபை அந்த நாட்களில் படிப்பதற்கு ஒரு திட்டத்தைத் தர வேண்டும். "வீட்டில் வைத்திருங்கள்" என்பது மட்டும் போதாது.

பள்ளி கட்டாயப்படுத்துமா? பிள்ளை கிரெடிட்டில் பின்தங்கிவிட்டான், வகுப்புக்கு வருவதில்லை என்பதற்காக, உங்கள் விருப்பமில்லாமல் அவனை மாற்றுப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. வெளியேற்றம், மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் செய்யும் இடமாற்றம் ஆகியவை வேறு விஷயங்கள். அவற்றுக்கு வேறு நடைமுறை உண்டு. யாராவது "மாற்றித்தான் ஆக வேண்டும்" என்று வாயால் சொன்னால், "எந்த விதியின் கீழ் என்று மின்னஞ்சலில் தருவீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் தொனி மாறிவிடும்.

இந்தக் கிழமை கேட்டு வாங்க வேண்டிய இரண்டு தாள்கள்

முதலாவது, பாடம் பாடமாக வருகைப் பதிவு. கடந்த இரண்டு செமஸ்டருக்கும், நாள் வாரியாக, பீரியட் வாரியாக அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். "மொத்தம் 46 நாள் வரவில்லை" என்ற எண்ணால் பயன் இல்லை. எந்த மணித்தியாலம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பென்சிலோடு உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். முதல் பீரியட் மட்டும் அடிக்கடி விடுபட்டிருந்தால், நித்திரையைப் பாருங்கள்: இரவு இரண்டு மணி வரை போன், அல்லது கஞ்சா, அல்லது மனச்சோர்வு. ஒரே ஒரு பாடம் விடுபட்டிருந்தால் அந்தப் பாடம் விளங்கவில்லை, அல்லது அந்த வகுப்பில் இருக்கும் ஒரு ஆளுக்குப் பயம். மதிய இடைவேளைக்குப் பிறகு திரும்பி வராவிட்டால் அது கூட்டாளிகள். வாசிப்பும் எழுத்தும் அதிகம் உள்ள பாடங்கள் மட்டும் விடுபட்டு, உடற்பயிற்சியும் தொழில்நுட்பமும் ஒழுங்காக இருந்தால், இதுவரை யாரும் கண்டுபிடிக்காத கற்றல் குறைபாடு இருக்கலாம். எல்லா நாளும் எல்லாப் பாடமும் விடுபட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே வயிற்றுக்குத்து, தலையிடி என்று தொடங்கினால், அது சோம்பல் இல்லை, பதகளிப்பு. அதற்குக் குடும்ப வைத்தியரிடம் முதலில் போக வேண்டும்.

உப அதிபர் நல்லவராகவே இருக்கட்டும், ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் உள்ள கட்டடத்தில் இந்தத் தாளை உங்கள் மகனுக்காக அவர் உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கற்றல் குறைபாடு என்ற சந்தேகம் வந்தால், சிறப்புக் கல்வித் தேவையைத் தீர்மானிக்கும் ஐ.பி.ஆர்.சி. என்ற குழுவைக் கூட்டும்படி அதிபருக்கு எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் எழுத்தில் கேட்டால் 15 நாட்களுக்குள் அதிபர் பதில் தர வேண்டும், மறுக்க முடியாது. பள்ளி உளவியலாளரின் பரிசோதனைக்குக் காத்திருப்பு நீளம். தனியாகச் செய்தால் சில ஆயிரம் டொலர் வரும். கணவரின் அல்லது உங்கள் வேலைத்தலக் காப்புறுதி உளவியலாளர் செலவில் ஒரு பகுதியைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். பரிசோதனை முடியும் வரை காத்திருக்காமலே, தனிப்பட்ட கல்வித் திட்டமான ஐ.ஈ.பி. ஒன்றைப் பள்ளி எழுதித் தரலாம்.

இரண்டாவது தாள், கிரெடிட் கணக்கு. கைடன்ஸ் கவுன்சிலரிடம் கேட்டால், எடுத்தது எது, கட்டாயப் பாடங்களில் மிச்சம் எது என்று ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தருவார். அவன் தொடங்கிய ஆண்டின்படி 30 கிரெடிட் வேண்டும், அதில் 18 கட்டாயம், 12 விருப்பம். (2024 செப்டம்பர் முதல் கிரேட் 9 தொடங்கியவர்களுக்கு 17 உம் 13 உம், தம்பி தங்கை இருந்தால் குழம்ப வேண்டாம்.) இவற்றோடு 40 மணித்தியாலத் தொண்டும், எழுத்தறிவுத் தேவையும், இரண்டு ஒன்லைன் கிரெடிட்டும் உண்டு. ஒன்லைன் வேண்டாம் என்று பெற்றோர் படிவம் நிரப்பி விலகலாம், வகுப்பறையிலேயே தொலைந்து போகும் பிள்ளைக்கு அதைச் செய்வது புத்தி. கிரேட் 10 எழுத்தறிவுச் சோதனையன்று அவன் வந்தானா என்றும் கேளுங்கள். வராத பிள்ளைகள் பலர், கிரேட் 12 இல்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கணக்கைப் போடுவோம். 10 இருக்கிறது, 20 வேண்டும். இந்த செமஸ்டரில் நாலு பாடத்தில் மூன்று கிடைத்தால் 13. சம்மர் ஸ்கூலில் ஒன்று, 14. அடுத்த ஆண்டு எட்டு, 22. மறுபடி சம்மரில் ஒன்று, 23. அதற்கடுத்த ஆண்டு ஏழு. 2028 ஜூனில் முடிகிறது. கூட்டாளிகளைவிட ஒரு ஆண்டு பிந்தி, அவ்வளவுதான். கிரேட் 12 ஐ இரண்டாவது ஆண்டும் படிக்கும் பிள்ளைகள் இங்கே எந்தப் பள்ளியிலும் இருக்கிறார்கள். வீட்டில் "இவன் வாழ்க்கை முடிந்தது" என்று பேசப்படுவதும், இந்த ஒரு ஆண்டுக் கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். மகனுக்கும் இந்தத் தாளைக் காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியாமல், இனி முடியவே முடியாது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

இந்தக் கணக்கைச் சுருக்க மூன்று வழிகள் உண்டு. பள்ளி தானாகச் சொல்லாது, கேட்க வேண்டும். தவறிய பாடத்தை முழுக்கத் திரும்பப் படிக்காமல், விளங்காத அலகுகளை மட்டும் செய்து கிரெடிட்டை மீட்கும் வழி இருக்கிறது. கிரெடிட் ரெக்கவரி என்பார்கள். பாடத்தை இறுதிவரை இருந்து தவறியிருக்க வேண்டும், அதுவும் கடந்த இரண்டு ஆண்டுக்குள். இடையில் விலகிய பாடத்துக்கு இது கிடையாது. அதனால் யாராவது "இந்தப் பாடத்தை ட்ரொப் பண்ணிவிடு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். மறுபக்கமும் இருக்கிறது: கிரேட் 11, 12 பாடங்களில் தவறினால் அது ட்ரான்ஸ்கிரிப்டில் தெரியும், இடைக்கால அறிக்கை வந்து ஐந்து பாடநாட்களுக்குள் விலகினால் தெரியாது. கிரேட் 9, 10 இல் தவறியவை தெரியவே தெரியாது. ஆகவே இந்த செமஸ்டரில் அவன் எடுக்கும் நாலு பாடமும் எந்த கிரேட் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவு எடுங்கள். யூனிவர்சிட்டிக்குத் தேவைப்படக்கூடிய கிரேட் 11 பாடம் என்றால் விலகுவது நல்லது, டிப்ளோமாவுக்கு மட்டும் வேண்டிய பாடம் என்றால் இருந்து தவறினாலும் மீட்கலாம்.

அடுத்தது கோ-ஒப். வேலைத்தலத்தில் பழகிக்கொண்டே கிரெடிட் எடுப்பது. ஒரு செமஸ்டரில் இரண்டு, நாலு என்று எடுக்கலாம். விருப்பக் கிரெடிட்டாக எவ்வளவும் எண்ணப்படும், கட்டாயக் கிரெடிட்டாக இரண்டு வரை எண்ணப்படும். "வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. மூன்றாவது, கட்டாயப் பாடங்களில் மூன்று வரை வேறு கட்டாயப் பட்டியல் பாடத்தால் மாற்றிக்கொடுக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. பிரெஞ்சில் மூன்று முறை தவறிய பிள்ளையை நாலாவது முறையும் அங்கே இருத்த வேண்டியதில்லை.

எந்த மாற்று, யாருக்கு

சிறிய மாற்றுப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும், பாடங்களைக் குறுகிய கட்டங்களாகப் பிரித்து நடத்துவதும் உண்டு. பெரிய கட்டடத்தில் காணாமல் போன பிள்ளை, கேலிக்கு ஆளான பிள்ளை, பதகளிப்பு உள்ள பிள்ளை இங்கே மூச்சு விடுவார்கள். ஆனால் சில மாற்றுப் பள்ளிகள் "நீயே உன் நேரத்தை ஒழுங்கு செய்" என்ற கொள்கையில் நடப்பவை. வெளியில் இருந்து ஒருவர் பிடித்து இருத்தாமல் உட்கார முடியாத பிள்ளைக்கு அது நேரெதிர் விளைவைத் தரும். இதைத்தான் பெற்றோர் பார்க்கத் தவறுகிறார்கள்: பள்ளி நல்லதா என்று கேட்கிறார்கள், தங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்பதில்லை.

போய்ப் பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. அங்கே கேட்க வேண்டியவை: இங்கே வரும் பிள்ளை ஒரு செமஸ்டரில் சராசரியாக எத்தனை கிரெடிட் எடுக்கிறது? இரண்டு நாள் வராவிட்டால் யார் போன் எடுக்கிறார்கள், ஆளா மெஷினா? ஆண்டில் எத்தனை முறை புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறீர்கள்? இளையோர் பணியாளர் பள்ளியிலேயே இருக்கிறாரா? எந்த கிரேட் 12 பாடங்கள் இங்கே இல்லை? கடைசிக் கேள்வி முக்கியம். சிறிய பள்ளியில் இரசாயனவியல் ஆய்வுகூடமோ உயர் கணிதமோ இல்லாமல் இருக்கலாம். உங்கள் மகனுக்கு எஞ்சினியரிங் ஆசை இருந்தால் அந்தப் பாடங்களை எங்கே எடுப்பது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கட்டடத்தை மாற்றாமலும் மாற்றம் செய்யலாம். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர் வெற்றிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று ஒரு ஆசிரியரும் இருக்கிறார். அவரை இதுவரை நீங்கள் சந்தித்ததாக எழுதவில்லை. மாற்றுப் பள்ளிக்கு முன்னால் அவரைச் சந்தியுங்கள்.

கிரேட் 12 நெருங்கும்போது இன்னொரு கதவும் திறக்கும்: கொலிஜ் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் உயர்நிலைப் பள்ளி வகுப்பு. அங்கே டிப்ளோமாவுக்கான பாடத்தையும் கொலிஜ் பாடத்தையும் சேர்த்துப் படிக்கலாம், ஒரே பாடம் இரண்டு பக்கமும் எண்ணப்படும். பள்ளிச் சூழலே பிடிக்காமல் போன, ஆனால் கையால் செய்கிற வேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. இப்போது 10 கிரெடிட்டோடு கேட்டால் "பிறகு வாருங்கள்" என்பார்கள். மனதில் வைத்திருங்கள்.

எல்லாமே தோற்றால் கடைசி வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. மேற்பார்வையுடன் கூடிய மாற்றுக் கற்றல் என்று பெயர், சுருக்கமாக சால் என்பார்கள். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு. சபையின் குழு ஒன்று கூடி, அந்தப் பிள்ளைக்கு என்று ஒரு திட்டம் எழுதும்: பகுதிநேரப் படிப்பு, முழுநேர வேலை, உளவள ஆலோசனை, தொண்டு என்று கலந்து. ஒரு பொறுப்பாளர் மாதம் ஒரு முறையாவது பிள்ளையோடு தொடர்பு கொள்ள வேண்டும். பெற்றோரும் கேட்கலாம். உங்கள் மகன் வேலைதான் என்று ஒரே பிடியாக நின்றால், பள்ளி நேரத்தில் சட்டத்துக்கு உட்பட்டு வேலை செய்ய இதுதான் வழி. ஆனால் இதில் கிரெடிட் மெதுவாகத்தான் சேரும். ஒரு கிரெடிட்டாவது அந்தத் திட்டத்துக்குள் எழுதப்படாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காசு கட்டுவதும், ஊருக்கு அனுப்புவதும்

தனியார் பள்ளிகளில் கல்வி அமைச்சின் பரிசோதனைக்கு உட்பட்டவை மட்டுமே கிரெடிட் தரலாம். ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலப் படிப்பு. "பத்து நாளில் முடித்துத் தருகிறோம், 90 புள்ளி உறுதி" என்றால் அது படிப்பிக்கும் இடம் இல்லை. அமைச்சின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு டொலரும் கட்டாதீர்கள். ஒழுங்கான தனியார் பள்ளியே ஆனாலும், அரசாங்கப் பள்ளியில் இலவசமாக இருக்கும் வகுப்பில் உட்காராத பிள்ளை, காசு கட்டிய வகுப்பில் ஏன் உட்காருவான் என்பதற்குக் கணவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். தமிழில் எழுதிப் பழகாத பிள்ளை, அங்கே ஓ.எல். என்ற பொதுச் சோதனைக்கான பாடத்திட்டத்தின் நடுவில் போய் விழுவான்; திரும்பி வரும்போது அங்கே படித்ததை இங்கே எண்ணச் சொல்லி அதிபரிடம் நிற்க வேண்டும், எத்தனை கிரெடிட் கொடுப்பது என்பது அவர் தீர்மானம். கஞ்சா ஊரில் கிடைக்காது என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஊருக்கு அனுப்புவோம் என்று பயமுறுத்தவென்று சொல்லியிருந்தாலும், அவன் அதை நம்பியிருப்பான். 16 வயதில் கனடியப் பாஸ்போர்ட்டுக்கு அவனே வளர்ந்தவர் படிவத்தில் விண்ணப்பிக்கலாம், பாஸ்போர்ட்டை அவனுக்குத் தெரியாமல் கையாள நினைத்தால் அவன் வீட்டை விட்டுப் போகும் நாள்தான் நெருங்கும்.

கூட்டத்துக்குப் போகும்போது

மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் அல்ல. இவ்வளவு போதும்: "என் மகனின் படிப்பு பற்றி உப அதிபர், கைடன்ஸ் கவுன்சிலர், மாணவர் வெற்றி ஆசிரியர் மூவரையும் ஒன்றாகச் சந்திக்க விரும்புகிறேன். கூட்டத்துக்கு முன் பீரியட் வாரியான வருகைப் பதிவும் கிரெடிட் கணக்கும் அனுப்புங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வெட்கப்படாதீர்கள், சபைகள் ஒழுங்கு செய்து தரும். மகனையே மொழிபெயர்க்க வைக்க மட்டும் வேண்டாம். ஆசிரியர் சொல்வதில் பாதி உங்களிடம் வராது, நீங்கள் அழுவதில் பாதி அவர்களிடம் போகாது.

கணவரையும் கூட்டிப் போங்கள். "டிப்ளோமா ஒன்றுதான்" என்பதை நான் எழுதியோ நீங்கள் சொல்லியோ அவர் நம்புவதைவிட, கைடன்ஸ் கவுன்சிலர் வாயால் கேட்டால் நம்புவார்.

கூட்டம் முடிந்த அன்றே, பேசியதை நாலு வரியில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்: யார் எதை, எந்தத் திகதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்று. இடைக்கால அறிக்கை ஏப்ரல் அளவில் வரும். மாற்றுப் பள்ளி முடிவை அதுவரை தள்ளிப் போடலாம். அதற்கிடையில் போய்ப் பார்த்து, விண்ணப்பித்து, இடம் உறுதி செய்து வைக்கலாம். சம்மர் ஸ்கூல் பதிவையும் வசந்தத்திலேயே செய்துவிடுங்கள். பள்ளி ஒத்துழைக்கவில்லை, அல்லது வெளியேற்றம் என்ற பேச்சு வந்தது என்றால், ரொறன்ரோவில் உள்ள ஜஸ்ரிஸ் ஃபோர் சில்ட்ரன் அண்ட் யூத் என்ற சட்ட உதவி மையத்தை உங்கள் மகன் தொடர்புகொள்ளலாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அங்கே கட்சிக்காரன் அவன்தான், நீங்கள் அல்ல. அதைப் பற்றி மனம் நோகாதீர்கள்.

அவன் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நீங்கள் போங்கள். மாணவர் வெற்றி ஆசிரியரிடம், அவனைத் தனியாக, பெற்றோர் இல்லாமல் ஒருமுறை கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லுங்கள். கஞ்சாவோ மனநிலையோ பற்றி அவன் ஒரு ஆலோசகரிடம் பேச விரும்பினால், ஒன்ராறியோவில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குப் பெற்றோர் கையெழுத்து அதற்குத் தேவையில்லை. அவன் அங்கே என்ன சொன்னான் என்று ஆலோசகர் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார். கேட்காதீர்கள், போய்வந்தானா என்று மட்டும் தெரிந்தால் போதும்.